ராகிங் புகாரில் மகன் சஸ்பெண்ட்: மூன்று நாள் கெடுவுக்குள் என்ன எழுதிக் கொடுப்பது?

கேள்வி: என் மகன் கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறான். போன வாரம் ஒருநாள் ராத்திரி மூன்றாம் ஆண்டுப் பையன்கள் இரண்டு பேர், முதலாம் ஆண்டுப் பையன் ஒருவனை இவன் அறைக்குக் கூட்டிவந்து பாடு, ஆடு என்று சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒருவன் அந்தப் பையனைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். என் மகன் அடிக்கவில்லை. ஆனால் அவர்கள் சொன்னதால் போனில் வீடியோ எடுத்திருக்கிறான். மறுநாள் வார்டன் மூவரையும் நிற்கவைத்து, ‘ராகிங் செய்தோம், மன்னித்துவிடுங்கள்’ என்று எழுதி வாங்கிக்கொண்டார். போனையும் வாங்கி வைத்துக்கொண்டார். இப்போது சஸ்பெண்ட் செய்து, மூன்று நாளில் விளக்கம் தரச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. எத்தனை நாள் சஸ்பென்ஷன் என்று அதில் இல்லை. ‘டிசி வாங்கிக்கொண்டு போய்விடுங்கள், நன்னடத்தை என்றே எழுதித் தருகிறோம்’ என்று ஆபீசில் சொல்கிறார்கள். அந்தப் பையனின் அப்பாவை எங்கள் உறவினர் ஒருவருக்குத் தெரியும். பேசிப் புகாரை வாபஸ் வாங்க வைக்கலாம் என்கிறார். விசாரணைக்கு வக்கீலைக் கூட்டிப் போகலாமா? நாளைக்கு வேலைக்குப் போகும்போது இது தெரியவருமா? – ஒரு தாய், சேலம் மாவட்டம்.

பதில்:

அம்மா, மூன்று நாளில் எத்தனை நாள் போய்விட்டது என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் இன்றைக்கே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்கள் பின்னால் வரும்.

உங்கள் உறவினரிடம் இப்போதே பேசி, அந்தப் பையன் வீட்டுக்கு யாரும் போகக் கூடாது, போனும் செய்யக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். டிசி கேட்டு எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். மகனின் கூகுள் கணக்கு, வாட்ஸாப் பேக்கப் எதிலிருந்தும் அந்த வீடியோவையோ அது தொடர்பான உரையாடலையோ அழிக்க வேண்டாம். பிறகு முதல்வருக்கு அரைப் பக்கத்தில் ஒரு கடிதம். அன்றிரவு என்ன நடந்தது என்பது அதில் ஒரு வரிகூட வேண்டாம். நோட்டீஸ் இந்தத் தேதியில் கிடைத்தது, அதில் நான் செய்ததாகச் சொல்லப்படும் செயல் எது, எப்போது, எங்கே என்ற விவரம் இல்லை, புகாரின் சாராம்சத்தையும் என்னிடம் எழுதி வாங்கிய கடிதத்தின் நகலையும் தர வேண்டும், கிடைத்த நாளிலிருந்து மூன்று நாளில் முழு விளக்கம் தருகிறேன், விசாரணைக்கு எப்போது அழைத்தாலும் வருகிறேன். இதோடு, பின்னால் நான் சொல்லும் சில கோரிக்கைகளையும் சேர்த்தால் போதும். மகன் கையெழுத்திட்டு, முதல்வரின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். அச்செடுத்த பிரதியைத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அன்றே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீசில் விவரம் ஏற்கெனவே தெளிவாக இருந்தால் அதைப் பற்றிய வரியை மட்டும் நீக்கிவிடலாம்.

முழு விளக்கத்தை உடனே கொடுத்துவிடாமல் இப்படி இரண்டு கட்டமாகப் பிரிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதில் ஒரு பையனுக்குக் கன்னத்தில் அறை விழுந்திருக்கிறது. அதனால் இது கல்லூரி ஒழுங்கு நடவடிக்கையோடு நிற்காமல் போலீஸ் வழக்காகவும் ஆகலாம். தமிழ்நாட்டில் 1997-லிருந்தே ராகிங்குக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். தண்டனைச் சட்டத்துக்கு உட்பட்ட குற்றம் என்று தெரிந்தால் கல்லூரித் தலைவர் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009-ம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிமுறை சொல்கிறது. மகன் கல்லூரிக்கு எழுதித் தரும் ஒவ்வொரு வரியும் நாளைக்கு போலீஸ் கைக்கும் போகும். ஆகவே முழு விளக்கத்தைக் கொடுப்பதற்கு முன் குற்றவியல் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவர் அதை ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் கேட்ட வக்கீலின் உண்மையான வேலை இதுதான்.

அதே விதிமுறையில் இன்னொன்றும் உண்டு. புகார் வந்த ஏழு நாளுக்குள் கல்லூரி தன் நடவடிக்கையை எடுத்தாக வேண்டும். போலீஸ் என்ன செய்கிறது என்று காத்திருக்கக் கூடாது. எடுக்கத் தவறினால் கல்லூரியின் மீதே நடவடிக்கை வரும். மூன்று நாள் கெடு, எழுதி வாங்குவதில் அவசரம், ‘டிசி வாங்கிக்கொண்டு போங்கள்’ என்ற பேச்சு எல்லாமே இந்த நெருக்கடியில் வருபவை. கெடுவை நீட்டிக் கேட்கும்போது பதினைந்து நாள், ஒரு மாதம் என்று கேட்டால் கிடைக்காது. இரண்டு மூன்று நாள் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

இப்போது உறவினர் யோசனைக்கு வருகிறேன். இந்த மாதிரிப் புகார்களில் பிள்ளைகளின் படிப்பைக் கெடுப்பது, நடந்த சம்பவத்தைக் காட்டிலும் சம்பவத்துக்குப் பிறகு பெரியவர்கள் நடத்தும் இந்தச் சமாதானப் பேச்சுதான். அடி வாங்கிய பையன் முதலாம் ஆண்டு. வீட்டை விட்டு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். அவன் அப்பாவிடம் ஊர்க்காரர் வந்து பேசினால், நீங்கள் எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் அவருக்கு அது அழுத்தமாகத்தான் படும். புகார்தாரரை மிரட்டினார்கள் என்று ஒரு வரி கோப்பில் ஏறிவிட்டால், வீடியோ எடுத்த பையன் என்ற நிலையிலிருந்து உங்கள் மகன் வேறொரு இடத்துக்குப் போய்விடுவான். மிரட்டல் தனிக் குற்றமாகவும் ஆகலாம். அதோடு வாபஸ் கடிதம் வந்தாலும் புகார் முடியாது. ராகிங் நடந்தது தெரிந்த பிறகு விசாரிப்பது கல்லூரியின் கடமை. யுஜிசியின் உதவி எண்ணான 1800-180-5522-இல் புகார் பதிவாகியிருந்தால் கல்லூரியே நினைத்தாலும் மூடி வைக்க முடியாது. மகனின் நண்பர்கள், வகுப்பு வாட்ஸாப் குழு, இன்ஸ்டாகிராம் வழியாகவும் அந்தப் பையனைத் தொடர்புகொள்ளக் கூடாது. உண்மையிலேயே மன்னிப்புக் கேட்க விரும்பினால், கல்லூரியின் ராகிங் தடுப்புக் கமிட்டியின் வழியாக எழுத்தில் கேட்க அனுமதி தாருங்கள் என்று விளக்கத்தில் ஒரு வரி சேர்க்கலாம். ஏற்பதும் மறுப்பதும் அந்தப் பையனின் உரிமை.

டிசி விஷயம். ‘பெற்றோர் விருப்பத்தின் பேரில் விலகல்’ என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் கல்லூரி தண்டனை எதையும் விதிக்கவில்லை என்று ஆகிவிடும். தண்டனை உத்தரவு இல்லையென்றால் மேல்முறையீடும் இல்லை, வழக்கும் பலவீனமாகிவிடும். இரண்டாம் ஆண்டின் நடுவில் வேறு கல்லூரியில் இடம் கிடைப்பது எளிதில்லை. இணைப்புக் கல்லூரி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறத் தனி அனுமதி வேண்டும். போலீஸ் புகார் இருந்தால் அதுவும் டிசியோடு போய்விடாது. நன்னடத்தை என்று எழுதித் தருவதாகச் சொல்வது வாய்வார்த்தை. கையெழுத்து வாங்கிய பிறகு என்ன எழுதுவார்கள் என்பதற்கு உறுதி கிடையாது. ‘விசாரணை முடிவுக்குக் காத்திருக்கிறோம்’ என்று மட்டும் ஆபீசில் சொல்லுங்கள். சத்தம் போட வேண்டாம். அங்கே உட்கார்ந்திருக்கும் எழுத்தருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை, ஆனால் உங்கள் கடிதம் உரிய மேசைக்கு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது அவர் கையில் இருக்கிறது.

அடுத்தது, மகன் செய்தது என்ன என்பது. இதில் உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமான பதிலைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘அவன் அடிக்கவில்லை, வீடியோதான் எடுத்தான்’ என்பது தண்டனையின் அளவுக்கான வாதம். குற்றமே இல்லை என்பதற்கு அது உதவாது. சாதாரணமாகச் செய்யாத ஒன்றை ஒரு மாணவனைச் செய்யச் சொல்லி, அதனால் அவனுக்கு வெட்கமோ கூச்சமோ வேதனையோ உண்டானாலே ராகிங் என்கிறது யுஜிசி விதிமுறை. ‘சும்மா பாட்டுப் பாடத்தான் சொன்னோம்’ என்பதற்கு அங்கே இடமில்லை. துணை நிற்பதும் விதிமீறலே. அவமானப்படும் ஒருவனைக் கேமராவில் பிடிப்பது அந்த அவமானத்தைக் கூட்டுவது. அந்தப் பையனுக்கு அறையைவிட வீடியோவே பெரிய பயமாக இருந்திருக்கக் கூடும், எங்கே போய்ச் சேரும் என்று தெரியாதல்லவா. எனவே ‘என் மகன் எதுவுமே செய்யவில்லை’ என்று எழுதினால் கமிட்டி நம்பாது. வீடியோ எதிரே ஓடும்போது அப்படி எழுதிய கடிதம் அவனுக்கே எதிராகப் போகும்.

ஆனால் அதே வீடியோதான் அவனுக்கு உள்ள சிறந்த சாட்சியும். கேமராவுக்குப் பின்னால் நின்றவன் அடிக்கவில்லை என்பது அதில் தெரியும். யார் கூப்பிட்டது, யார் சொன்னது, யார் கை ஓங்கியது எல்லாம் தெரியும். அதனால்தான் அழிக்காதீர்கள் என்றேன். போன் வார்டனிடம் இருக்கிறது என்கிறீர்கள். எந்தத் தேதியில், யார், எந்த மாடல் போனை வாங்கினார் என்பதற்கு எழுத்தில் ஒப்புகை கேளுங்கள். போனைத் திறந்து பார்ப்பதென்றால் மகன் முன்னிலையில், கமிட்டி முன்னால் நடக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். ஹாஸ்டல் வராந்தா சிசிடிவி பதிவை அந்த இரவு 9 மணியிலிருந்து 12 மணி வரை பத்திரப்படுத்தும்படி இன்றைய கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பல இடங்களில் பதிவுக் கருவி சில வாரங்களில் பழையதன் மேலேயே புதியதை எழுதிவிடும். பிறகு எந்தக் கோர்ட் கேட்டாலும் கிடைக்காது. முதலாம் ஆண்டுப் பையனை யார் கூட்டிவந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

வார்டன் எழுதி வாங்கிய கடிதம் உங்களை உறுத்துகிறது என்று புரிகிறது. அது கோப்பில்தான் இருக்கும், இல்லையென்று சொல்ல முடியாது. செய்யக்கூடியது, அது எந்தச் சூழ்நிலையில் எழுதப்பட்டது என்பதை விளக்கத்தில் பதிவுசெய்வது. எத்தனை மணிக்கு, எந்த அறையில், யார் யார் இருந்தார்கள், வாசகத்தைச் சொன்னது யார், மூவரும் ஒரே வாசகத்தை எழுதினார்களா, படித்துப் பார்க்க நேரம் கிடைத்ததா. மூன்று கடிதங்களும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தால் அதுவே நிறையச் சொல்லும். மிரட்டியது உண்மையானால் மிரட்டிய சொற்களை அப்படியே எழுதுங்கள். மிரட்டவில்லையென்றால் மிரட்டினார்கள் என்று எழுத வேண்டாம். இனி பல ஆண்டுகள் உங்கள் மகனின் நடத்தையைப் பற்றி எழுதப்போகிறவர்களில் அந்த வார்டனும் ஒருவர்.

முழு விளக்கத்தை எப்படி எழுதுவது? போலீஸ் வழக்குப் பதிவாகிவிட்டால், சம்பவத்தைப் பற்றிய விவரங்களை வழக்கறிஞர் சொல்லும் அளவுக்குத்தான் எழுத வேண்டும். ‘குற்ற வழக்கு நிலுவையில் இருப்பதால் விரிவாகச் சொல்ல இயலவில்லை’ என்ற நிலைப்பாடும் உண்டு. அதில் ஒரு சங்கடம், கமிட்டி அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை, கையிலுள்ளதை வைத்து முடிவெடுத்துவிடலாம். வழக்கு இல்லையென்றால் நேராக எழுதுவதே நல்லது. மகனே முதல் வடிவத்தை எழுதட்டும். தமிழிலேயே எழுதலாம், தெரியாத ஆங்கிலத்தில் எழுதி அர்த்தம் மாறிப்போவதைவிட அது மேல். நோட்டீசில் எத்தனை குற்றச்சாட்டு இருக்கிறதோ அத்தனைக்கும் எண் போட்டுத் தனித்தனியாகப் பதில். பதில் சொல்லாமல் விட்டதை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். நடை இப்படி இருக்கலாம், ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாக இருக்கும்பட்சத்தில் மட்டும்:

‘அன்று இரவு சுமார் 10 மணிக்கு முதலாம் ஆண்டு மாணவர் என் அறைக்கு அழைத்து வரப்பட்டார். அழைத்து வந்தவன் நான் இல்லை. அவரைப் பாடவும் ஆடவும் சொன்னபோது நான் அறையில் இருந்தேன். மூன்றாம் ஆண்டு மாணவர் கேட்டதால் என் போனில் வீடியோ எடுத்தேன். தடுக்கவில்லை, வார்டனிடமும் சொல்லவில்லை. இவை என் தவறுகள். நான் அவரை அடிக்கவில்லை, தொடவில்லை, திட்டவில்லை. வீடியோவை யாருக்கும் அனுப்பவில்லை. அது மாற்றப்படாமல் என் போனில் இருக்கிறது, கமிட்டி பார்க்கலாம்.’

வீடியோவை யாருக்காவது அனுப்பியிருந்தால், எந்தக் குழுவுக்கு, எத்தனை மணிக்கு என்பதை அவனே சொல்லிவிட வேண்டும். இன்றிரவு அவனை உட்காரவைத்து இந்த ஒரு கேள்வியைக் கோபப்படாமல் கேளுங்கள். அனுப்பவில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு இன்னொருவன் போனில் அது இருந்தால், மற்ற எந்த வரியையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அந்த இரண்டு சீனியர்களிடமிருந்தும் ‘மூன்று பேரும் ஒரே மாதிரி எழுதிக் கொடுப்போம்’ என்று கட்டாயம் பேச்சு வரும். ஒப்புக்கொள்ள வேண்டாம். அறைந்தவன் ஒருவன். மூவரும் சேர்ந்து எழுதினால் அறைந்த பழி மூவர் மீதும் விழும். உங்கள் மகன் தனியாக எழுதட்டும், தனியாக விசாரிக்கச் சொல்லி எழுத்தில் கேட்கட்டும், ‘எங்கள் ஒவ்வொருவரின் பங்கையும் தனித்தனியாகப் பதிவுசெய்ய வேண்டும்’ என்பதையும் கோரட்டும். சீனியர்களுக்குப் பயந்து எடுத்தான் என்றால் அந்தப் பயத்துக்கு என்ன ஆதாரம் என்பதை எழுதலாம்: முன்பு அவனையும் இப்படிச் செய்தார்களா, யாரிடமாவது சொன்னானா, செய்தி ஏதும் இருக்கிறதா. ஆதாரமில்லாமல் பழியை அவர்கள் மீது தள்ளினால் எடுபடாது.

சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியதாகப் புகாரில் இருந்து, அந்த மாணவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராக இருந்தால், மேலே சொன்ன எதற்கும் முன்னால் வழக்கறிஞரைப் பாருங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முன்ஜாமீனுக்குத் தடை இருக்கிறது. ஒருநாள் தாமதமும் பெரிது.

விசாரணை அறைக்குள் வழக்கறிஞரைக் கூட்டிச் செல்லும் உரிமை மாணவருக்கு இல்லை. கல்லூரி அனுமதித்தால் உண்டு. பெரும்பாலும் மறுப்பார்கள், அந்த மறுப்பைக் கோர்ட்டும் தவறென்று சொல்வதில்லை. பெற்றோரில் ஒருவர் உடனிருக்க எழுத்தில் கேளுங்கள், இந்த வயதுப் பையனுக்குப் பல கமிட்டிகள் சம்மதிக்கும். சினிமாவில் வருவதுபோலப் புகார் கொடுத்தவனைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1973-ல் ராஞ்சி மருத்துவக் கல்லூரி மாணவர்கள் வழக்கில், பெண்கள் விடுதிக்குள் நுழைந்ததாகப் புகாரான மாணவர்களுக்குப் புகார் கொடுத்த மாணவிகளின் பெயரைக்கூடத் தெரிவிக்காமல் நடந்த விசாரணையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த மாணவிகள் பிறகும் அதே வளாகத்தில் வாழ வேண்டும் என்பதைக் கணக்கில் எடுத்தது. அதே சமயம் குற்றச்சாட்டின் சாராம்சத்தைச் சொல்லி, பதில் சொல்ல வாய்ப்புத் தராமல் மாணவரைத் தண்டிக்க முடியாது என்பதும் 1960-களிலிருந்தே நிலைபெற்ற சட்டம். யுஜிசி விதிமுறையும் ராகிங் புகாரை விசாரிப்பவர்கள் இயற்கை நீதியைப் பின்பற்றி, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போதிய வாய்ப்புத் தர வேண்டும் என்றே சொல்கிறது. ஆக, அந்தப் பையனின் முகத்தையோ பெயரையோ கேட்டு நிற்காதீர்கள். என்ன சொல்லியிருக்கிறான் என்பதைக் கேளுங்கள். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்ற குற்ற வழக்கு அளவுகோலும் இங்கே பொருந்தாது. நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று தோன்றினால் போதும்.

உள்ளே கேட்கப்போகும் கேள்விகள் ஏறக்குறைய தெரிந்தவைதான். ஏன் தடுக்கவில்லை? ஏன் வார்டனுக்குப் போன் செய்யவில்லை? யாருக்கு அனுப்பினாய்? இதற்கு முன்பு எத்தனை தடவை நடந்தது? இந்த நான்குக்கும் மகன் தன் சொந்த வார்த்தையில், இரண்டு மூன்று வாக்கியத்தில் பதில் சொல்லப் பழகட்டும். நீங்கள் குறுக்கே பேச வேண்டாம். தாய் பேசினால் பையன் எதையோ மறைக்கிறான் என்று தோன்றிவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லட்டும். முடிவில் அறிக்கையில் கையெழுத்துக் கேட்பார்கள். முழுக்கப் படித்துவிட்டுத்தான் போட வேண்டும். அவன் சொல்லாதது இருந்தால் கையெழுத்துக்கு மேலே ‘இந்தப் பத்தியில் உள்ளதை நான் சொல்லவில்லை’ என்று தன் கையெழுத்திலேயே எழுதலாம். திருட்டுத்தனமாக ஒலிப்பதிவு செய்ய வேண்டாம். அன்று மாலையே யார் இருந்தார்கள், என்ன கேட்டார்கள், என்ன சொன்னான், எந்த ஆவணத்தைக் காட்டவில்லை என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். மேல்முறையீட்டில் உங்களுக்குக் கைகொடுப்பது அதுதான்.

தண்டனைப் பட்டியல் நீளமானது: வகுப்பிலிருந்து இடைநீக்கம், உதவித்தொகை நிறுத்தம், தேர்வெழுதத் தடை, முடிவை நிறுத்திவைத்தல், விடுதியிலிருந்து நீக்கம், ஒன்று முதல் நான்கு பருவம் வரை கல்லூரியிலிருந்து விலக்கி வைத்தல், சேர்க்கை ரத்து, கடைசியாக வேறு எங்கும் சேர முடியாதபடி ஒரு காலத்துக்கு வெளியேற்றம். இவ்வளவு பெரிய இடைவெளிக்குள் கமிட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் எழுத வேண்டும். அந்தக் காரணத்தை நீங்களே கொடுங்கள். விளக்கத்தின் கடைசிப் பத்தியில் முந்தைய புகார் எதுவும் இல்லை, வீடியோவை அழிக்காமல் கமிட்டி பார்க்கச் சம்மதித்தான், விசாரணைக்கு ஒத்துழைத்தான் என்று எழுதி, ‘விடுதியை விட்டு வெளியேறவும் கவுன்சலிங் செல்லவும் தயாராக இருக்கிறேன், படிப்பு நின்றுபோகாத தண்டனையைக் கோருகிறேன்’ என்று முடிக்கலாம். கமிட்டியில் போலீஸ் தரப்பும் அரசு நிர்வாகத் தரப்பும் பெற்றோர் பிரதிநிதியும் இருப்பார்கள். ஒன்றும் செய்யாமல் விட்டார்கள் என்ற பெயர் வாங்க அவர்களால் முடியாது. நீங்களே ஒரு தண்டனையை முன்வைத்தால் அவர்களுக்கும் வழி கிடைக்கிறது. விடுதியை இழந்து வெளியே அறை எடுத்துத் தங்குவது செலவுதான், ஒரு வருடம் போவதைவிடச் சிறிது.

இதற்கிடையே வருகைப்பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. 75 சதவீதம் வேண்டுமென்றால், பருவத்துக்கு 90 வேலை நாள் இருக்கும் இடத்தில் 22 நாள் விட்டால் கணக்கு முடிந்தது. தேதி போடாத சஸ்பென்ஷன் இதனால்தான் ஆபத்து. இன்றைய கடிதத்திலேயே மூன்று கோரிக்கைகளைச் சேருங்கள்: சஸ்பென்ஷன் எந்தத் தேதி வரை என்று குறிப்பிட வேண்டும், இடையில் வரும் இன்டர்னல் தேர்வை எழுத அனுமதிக்க வேண்டும் அல்லது பிறகு தனியாக வைக்க வேண்டும், குற்றச்சாட்டு நிரூபணமாகாவிட்டால் இந்த நாட்களை வருகையாகக் கணக்கிட வேண்டும். தேர்வுக் கட்டணக் கெடுவை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். கட்டணம் கட்டாதவருக்குக் கோர்ட் தேர்வெழுத அனுமதித்தாலும் ஹால் டிக்கெட் வராது.

உத்தரவு பாதகமாக வந்தால், இணைப்புக் கல்லூரியின் உத்தரவுக்கு எதிரான மேல்முறையீடு பல்கலைக்கழகத் துணைவேந்தரிடம். ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். நடந்த கதையை மறுபடி எழுதாமல், எந்த ஆவணம் தரவில்லை, எந்தச் சாட்சியை விசாரிக்கவில்லை, மூவரின் பங்கைப் பிரிக்காமல் ஒரே தண்டனை கொடுத்தார்களா, உத்தரவில் காரணம் இருக்கிறதா என்பவற்றை முன்வையுங்கள். தேர்வு நெருங்கியும் பதில் வரவில்லையென்றால் அரசமைப்புச் சட்டம் 226-வது பிரிவின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். கோவை மாவட்டம் சென்னை அமர்வுக்கு உட்பட்டது. நீதிபதிகள் யார் சொன்னது உண்மை என்று மறுபடி விசாரிக்கமாட்டார்கள். முறை தவறினார்களா, தண்டனை செயலுக்கு மிஞ்சியதா என்றுதான் பார்ப்பார்கள். தேர்வை எழுதவிட்டு முடிவை நிறுத்திவைக்கும்படி இடைக்கால உத்தரவு கேட்பது வழக்கம். ராகிங் வழக்குகளில் கோர்ட் இலகுவாக இரங்காது. இந்தக் கடுமை வந்ததற்குக் காரணம் உண்டு. 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான் நம் மாநிலச் சட்டமே வந்தது. வக்கீல் செலவுக்கு வழியில்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

இந்த நாட்களில் மகனைத் தனியாக விடாதீர்கள். வீட்டுக்கு வந்தவன் சாப்பிடாமல், தூங்காமல், ‘நான் இருந்து என்ன’ என்ற மாதிரிப் பேசினால் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசுவார்கள். அவனிடம் உறவினர்கள் விசாரணை நடத்தவும் இடம்கொடுக்காதீர்கள்.

வேலை பற்றிக் கேட்டீர்கள். நிறுவனங்கள் பட்டமும் மதிப்பெண்ணும் உண்மையா என்று கல்லூரியிடம் சரிபார்க்கும். விடுதி நீக்கம், சில நாள் சஸ்பென்ஷன் போன்றவை மதிப்பெண் பட்டியலில் வருவதில்லை. டிசியில் நடத்தை என்ற இடத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பது முக்கியம். அதை வாங்கும்போது படித்துப் பாருங்கள். விண்ணப்பத்தில் ‘ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானதுண்டா?’ என்று கேட்டிருந்தால் உண்டு என்று எழுதி, உத்தரவின் நகலை இணைக்க வேண்டும். பாஸ்போர்ட்டுக்குத் தடையாக நிற்பது கோர்ட்டில் நிலுவையில் இருக்கும் குற்ற வழக்குதான். கல்லூரி உத்தரவு மட்டும் இருந்தால் அதனால் நிற்காது.